எங்கே எந்தச் சொத்து இருந்தாலும்

அன்று முன்னறையில் இருந்தவர்கள்: வக்கீல். அக்கா. அக்காவின் கணவர், தெருவில் அவருக்கு இஸ்திரி என்று பெயர். வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கியிருந்த தம்பி மனைவி. அவளுடைய மகள் சுண்டு, ஒன்பது வயது. இரண்டு லாட்ஜுகளிலிருந்து வந்த அழுக்கு விரிப்பு மூட்டைகள், ஆள் உயரத்துக்கு. தம்பி இல்லை. அவன் செத்துப்போனதால்தான் மற்றவர்கள் வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

வக்கீலுக்கு மட்டும் நாற்காலி கிடைத்தது. மூட்டையில் சாய்ந்திருந்த இஸ்திரி அடிக்கடி எழுந்து வாசல்வரை போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்தார். மழை நிற்பதாக இல்லை. மாடியில் கொடிகள் வெறுமனே கிடந்தன. வீட்டுக்குள்ளேயே குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டி விரிப்புகளைப் போட்டிருந்ததால், வக்கீல் யாரையாவது பார்த்துப் பேச வேண்டுமென்றால் ஈரத் துணியை விலக்கித்தான் பேச வேண்டியிருந்தது.

"ரெண்டு உயில் இருக்கும்மா. பிரச்சனையே அதான்," என்றார்.

"ரெண்டு இருந்தா நல்லதுதானே சார்," என்றார் இஸ்திரி. "ஒண்ணு தொலைஞ்சாலும் இன்னொண்ணு இருக்கும்."

"சாவி இல்லைங்க அது. ரெண்டாவது எழுதினா முதலாவது செத்துடும்."

"அதுவுமா," என்றார் இஸ்திரி. யாரும் சிரிக்கவில்லை.

முதல் உயில் இங்கே எழுதியது. இந்த வீட்டை வாங்கிப் பதிவு செய்த கையோடு தம்பி எழுதினான். வீடு அக்காவுக்கு, அவ்வளவுதான் அதில் இருந்தது. உயில் எதற்கு, இப்போதே உன் பேருக்கு மாற்றிவிடுகிறேன் என்றுதான் அவன் முதலில் சொன்னான். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "உயிரோட இருக்கறவன்கிட்ட வீட்டைப் பிடுங்கிக்கிட்டேன்னு நாலு பேர் பேசவா?" என்று திட்டி அனுப்பினாள்.

இரண்டாவது உயில் வெளிநாட்டில் எழுதியது. அவன் கிரேன் ஓட்டிய துறைமுகத்தில், தொழிற்சங்கத்துக்காரர்கள் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு இலவசமாக உயில் எழுதிக் கொடுக்க ஆள் கூட்டிவந்தார்கள். சாப்பாட்டு இடைவேளையில் வரிசையில் நின்று அவனும் எழுதினான். எல்லாருக்கும் ஒரே அச்சு. பெயரும் வாரிசும்தான் மாறும். வக்கீல் அதை மொழிபெயர்த்து வைத்திருந்தார். ஒரு விரிப்பை விலக்கிவிட்டு வாசித்தார்.

"இதற்கு முன் நான் எழுதிய எல்லா உயில்களையும் ரத்து செய்கிறேன். எங்கே எந்தச் சொத்து இருந்தாலும் அது முழுவதும் என் மகளுக்குச் சேரும். அவளுக்கு வயது வரும்வரை என் மனைவி காப்பாளராக இருப்பாள்."

"அங்க இருக்கறதுக்கு அது, இங்க இருக்கறதுக்கு இதுன்னு நெனச்சுதான் சார் எழுதினாரு," என்றாள் தம்பி மனைவி. "என்கிட்ட அப்படித்தான் சொன்னாரு. அங்க இருக்கற சேமிப்பு, இன்ஷூரன்ஸ், அந்த ஓட்டை கார். வீடு அக்காவுக்குன்னு எங்க எல்லாருக்கும் தெரியும்."

"நெனச்சதை எழுதலையேம்மா. எங்கே எந்தச் சொத்து இருந்தாலும்னு எழுதியிருக்காரு."

"அவர் எங்க எழுதினாரு? அச்சடிச்சு இருந்துச்சு."

"கையெழுத்து அவருது."

தம்பி மனைவி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"சரி சார். நான் திருப்பி எழுதிக் குடுத்துடறேன். எங்க கையெழுத்துப் போடணும்னு சொல்லுங்க. இன்னிக்கே போடறேன்."

வக்கீல் பேனாவை மூடினார். அவர் கெட்டவர் இல்லை. அக்காவிடம் துணி போடுகிறவர்தான். அவருடைய கறுப்புக் கோட்டுக்கு இஸ்திரி போடுவதும் இஸ்திரிதான்.

"உங்களுதா இருந்தா குடுக்கலாம். இது உங்களுது இல்ல." பேனாவால் சுண்டுவைக் காட்டினார். "இவங்களுது."

சுண்டு ரொட்டியை மெல்லுவதை நிறுத்தினாள். எல்லாரும் தன்னைப் பார்ப்பதைப் பார்த்து, வாயில் இருந்ததை அவசரமாக விழுங்கினாள்.

"நான் குடுத்துடறேன்," என்றாள்.

"நீ குடுக்க முடியாதும்மா. பதினெட்டு ஆகணும்."

"அம்மா குடுக்கட்டும்."

"அம்மா உன்னோடதைப் பாத்துக்கத்தான் முடியும். குடுக்க முடியாது."

"அப்ப யார்தான் சார் குடுக்க முடியும்?" என்றார் இஸ்திரி.

"யாரும் முடியாது. கோர்ட்டு அனுமதிச்சா உண்டு. கேட்டுப் பாப்போம்."

அக்கா எழுந்தாள். "கொப்பரைல தண்ணி கொதிச்சிருக்கும்," என்று சொல்லிவிட்டுப் பின்கட்டுக்குப் போனாள்.

*

தம்பி வாங்கும்போது அது வெறும் வீடுதான். லாண்டரி ஆனது பிறகு. கிணற்றடியை அகலமாக்கி சிமென்ட் பூசியது, தண்ணீர் ஓடக் கால்வாய் வெட்டியது, துணி துவைக்கிற பழைய டிரம் மெஷின் ஒன்றை வாங்கி மேடை கட்டி நான்கு மூலையிலும் போல்ட் இறுக்கியது, மாடியில் இரும்புக் கால்கள் நட்டுக் கொடி கட்டியது எல்லாம் அக்காவும் இஸ்திரியும். பிள்ளைகள் இல்லை. வேலை இருந்தது. நடு அறையில் இஸ்திரி மேஜை. அதற்கப்பால் சுவரோரமாக ஒரு கட்டில். அவர்களுடைய குடித்தனம் அந்தக் கட்டில் அளவுதான்.

ஆனால் வீட்டில் பெரியது கிணறு. அந்த வட்டாரத்தில் எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர். குழாயில் வருவதும் அப்படியே. சோப்பு நுரைக்காது, வெள்ளைத் துணி நாலு துவைப்பில் பழுப்பாகிவிடும். இந்த ஒரு கிணற்றில் மட்டும் தண்ணீர் மெத்தென்று இருக்கும். சோப்பைக் காட்டினாலே நுரைக்கும். லாட்ஜ்காரர்கள் அக்காவைத் தேடி வந்ததற்கு அவளுடைய கைத்திறமை பாதிக் காரணம். மீதி கிணறு. அக்காவே அதைச் சொல்லுவாள். "தண்ணி தோய்க்குது. நான் பக்கத்துல நிக்கறேன்."

கொப்பரையில் விரிப்புகள் கொதித்துக்கொண்டிருந்தன. அக்கா கட்டையால் அவற்றைப் புரட்டினாள். தம்பி மனைவி பின்னாலேயே வந்து நின்றாள்.

"அண்ணி, ஏதாவது பேசுங்க."

"என்ன பேச? நான்தான் அவனை எழுத வச்சேன்."

உண்மைதான். ஒவ்வொரு வார விடுமுறையிலும் தம்பி போன் செய்வான். அக்கா போனை இஸ்திரி மேஜையில் வைத்து, சத்தமாகப் பேச விட்டுவிட்டுத் துணி மடிப்பாள். முழுக்க ஒரு வருடம் அவள் இதையே பிடித்துக்கொண்டு தொங்கினாள். "எனக்குன்னு எழுதி வச்சுட்டே. கட்டினவளுக்கு என்ன எழுதியிருக்கே? அந்தக் குழந்தைக்கு என்ன இருக்கு? அது உன் நாடும் இல்ல, எவன் வந்து கேப்பான்? நாளைக்கு உனக்கு ஒண்ணுன்னா அதுங்க யார் வாசல்ல போய் நிக்கும்?"

"எனக்கு என்னக்கா ஆகும்? நான் மேல இருக்கறவன். மேல இருந்து ஏதாவது விழுந்தா கீழ இருக்கறவனுக்குத்தான் ஆகும்."

"பேச்சை மாத்தாத. எழுதினியா இல்லையா?"

கடைசியில் ஒரு வாரம் அவனே முந்திக்கொண்டு சொன்னான். "கையெழுத்துப் போட்டாச்சு. இனிமே என்னைத் திட்டறதுக்கு வேற ஏதாவது விஷயம் தேடு." அக்காவுக்கு ஒரே சந்தோஷம். தெருவில் எதிர்ப்பட்ட எல்லாரிடமும் சொன்னாள். அதற்குப் பிறகு அவள் அவனை எதற்கும் திட்டவில்லை. அடுத்த மழைக்காலத்துக்குள் கிரேன் ஏணியில் பாதி உயரம் ஏறியவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அங்கேயே தொங்கிப்போனான். இறக்குவதற்கு இன்னொரு கிரேன் வரவேண்டியிருந்ததாம்.

"நீங்க நல்லதுக்குத்தானே சொன்னீங்க," என்றாள் தம்பி மனைவி.

"ஆமா. நல்லதுக்குத்தான்." அக்கா கட்டையால் ஒரு விரிப்பைத் தூக்கினாள். ஆவி முகத்தில் அடித்தது. "தள்ளி நில்லு. மேல தெளிச்சுடும்."

*

மனு போட்டு, விசாரணைக்கு நாள் வரும்வரை தம்பி மனைவி அங்கேயே இருந்தாள். லீவை நீட்டிக்க வெளிநாட்டுக்கு இரண்டு முறை போன் செய்தாள். அவள் அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் படுக்கை மாற்றும் வேலையில் இருந்தாள். சும்மா உட்காரத் தெரியாதவள். வந்த மறுநாளே பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கிணற்றடியில் இறங்கிவிட்டாள்.

விரிப்பு மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மட்டும் மடித்தால் ஓரம் தரையில் படும், மறுபடி துவைக்க வேண்டும். வழக்கமாக அக்காவும் இஸ்திரியும் மடிப்பார்கள். இப்போது அக்காவும் தம்பி மனைவியும்.

"பிடி. ரெண்டு முனையும். கட்டைவிரல் உள்ள இருக்கணும்."

"தெரியும் அண்ணி. ஆஸ்பத்திரில தினம் இதைத்தானே விரிக்கறேன்."

"விரிக்கறது வேற. இழு. இன்னும். உன் புருஷன் மாதிரி யோசிச்சு யோசிச்சு இழுக்காத. உதறு."

படீரென்று உதறினார்கள். நீளவாக்கில் இரண்டாக்கி, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்தார்கள். தம்பி மனைவி தன் கையிலிருந்த முனைகளை அக்காவின் கையில் கொடுத்தாள். குனிந்து மடிப்பைப் பிடித்துக்கொண்டு மறுபடி பின்னால் போனாள். மூன்றாவது விரிப்புக்குள் இருவருடைய நடையும் சேர்ந்துவிட்டது.

"அண்ணி, ஒண்ணு சொல்லணும்."

"மடிச்சுக்கிட்டே சொல்லு."

"அன்னிக்கு வக்கீல் இது சுண்டுவோடதுன்னு சொன்னாருல்ல. அப்ப ஒரு நிமிஷம் எனக்கு சந்தோஷமா இருந்துச்சு."

நடந்து வந்த அக்கா மூக்குக்கு நேராக நின்றாள். முனைகளை வாங்கிக்கொண்டாள்.

"ஒரு நிமிஷம்தானா?"

"ராத்திரியும் கொஞ்சம்."

அக்கா சிரித்துவிட்டாள். "பரவால்ல. அவன் போயிட்டான்னு சேதி வந்துச்சே, அப்ப நான் என்ன பண்ணினேன் தெரியுமா? மாடியில காயற துணியை எடுத்தேன். கதறிக்கிட்டே எடுத்தேன். மேகம் கட்டியிருந்துச்சு. லாட்ஜ்காரன் கேப்பான்ல. உங்க அண்ணன் அழவும் முடியாம, கூடை தூக்கவும் முடியாம நடுவுல நின்னாரு."

"நான் கூடை தூக்கினேன்," என்றார் இஸ்திரி, மேஜையிலிருந்து.

"தூக்கினீங்க. தலைகீழா."

அடுத்த விரிப்பை எடுத்தார்கள். அது இன்னும் ஈரமாக இருந்தது. அக்கா முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுக்கினாள். மழையில் காயும் துணிக்கு ஒரு புழுங்கிய வாடை வந்துவிடும். அதை இஸ்திரிப்பெட்டியால் எரித்தாலும் போகாது.

"அங்க எங்களுக்கும் வீடு இல்ல அண்ணி," என்றாள் தம்பி மனைவி. "அது அவர் வேலைக்குக் குடுத்த குவார்ட்டர்ஸ். காலி பண்ணச் சொல்லிட்டாங்க. ஆஸ்பத்திரிக்கு எதிர்ல ஒரு ரூம் பாத்திருக்கேன். ஆறு குடும்பத்துக்கு ஒரு சமையல்கட்டு."

"ம்."

"நான் இங்கயே வந்துடட்டுமா?"

அக்கா விரிப்பைப் பிடித்தபடி நின்றாள். வா என்று சொல்ல அவளுக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வந்தால் காப்பாளர் இங்கேயே இருப்பார். கோர்ட்டில் வீட்டை விற்கச் சொல்ல மாட்டார்கள். பின்கட்டுக்கு இன்னொரு ஜோடிக் கையும் கிடைக்கும். நடு அறையில் சுண்டு வெளிநாட்டுப் பள்ளிக்கூடத்துப் பாடத்தை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தைகூட அக்காவுக்குப் புரியவில்லை.

"இவ படிப்பு?"

"இங்க பள்ளிக்கூடம் இல்லையா?"

"இருக்கு. உன் வேலை?"

"இதான் வேலை. உங்களோட."

"இந்த வேலையா?" அக்கா தன் கையை விரித்துக் காட்டினாள். சலவைச் சோடாவும் வெந்நீரும் தின்று விரல் நுனிகள் வெளுத்து, வெடித்திருந்தன. "நீ அங்க போய்க் கையுறை போட்டுக்கிட்டு வேலை பாரு. பிடி. உதறு."

உதறினார்கள்.

*

கோர்ட்டில் அவர்களுக்கு ஒரு எதிர்த்தரப்பு இருந்தது. அது அவர்கள் யாரும் எதிர்பாராத ஒன்று. மைனர் சொத்து என்பதால் மைனருக்கென்று தனியாக ஒரு வக்கீலைக் கோர்ட்டே நியமித்திருந்தது. சின்னப் பையன். கோட்டு புதிது. அவனை யாரும் கேட்கவில்லை, அவனுக்கு யாரும் பணம் கொடுக்கவில்லை. ஆனாலும் ராப்பகலாக உட்கார்ந்து படித்துவிட்டு வந்திருந்தான்.

அந்த அறையில் ஒரு மின்விசிறி சுற்றியது, இன்னொன்று சும்மா தொங்கியது. நீதிபதி அம்மாள் மூக்குக் கண்ணாடியைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். அக்காவின் வக்கீல் சொன்னார், இறந்தவரின் எண்ணம் இதுதான், மனைவியே சாட்சி, குடும்பத்தில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை.

"எனக்கு இருக்கு," என்று எழுந்தான் சின்ன வக்கீல். "குழந்தைக்கு இருக்கு."

எல்லாரும் சுண்டுவைப் பார்த்தார்கள். அவள் செருப்பின் வாரைப் போட்டுக் கழற்றி விளையாடிக்கொண்டிருந்தாள்.

"இந்தக் குழந்தைக்கு அப்பா இல்லை. இந்த ஊர்ல இவளுக்குன்னு இருக்கறது இந்த ஒரு வீடு. அதையும் குடுத்துட்டா இவளுக்கு என்ன நன்மை? ஒரு நன்மை சொல்லச் சொல்லுங்க. நான் உக்காந்துடறேன்."

இஸ்திரி வாயைத் திறந்தார். அக்கா அவர் முழங்காலில் கை வைத்தாள்.

நீதிபதி தம்பி மனைவியைக் கேட்டார். "நீங்க எங்க இருக்கீங்க?"

"வெளிநாட்டுலங்க."

"வீட்டை யார் பாத்துப்பாங்க?"

"அண்ணி."

"வீட்டைக் கேக்கறதே அவங்கதானே. அவங்ககிட்டேருந்து குழந்தையோட சொத்தைப் பாதுகாக்க அவங்களையே வைக்க முடியுமா?"

"எங்க அண்ணிகிட்டேருந்து எதையும் பாதுகாக்க வேண்டியதில்லீங்க."

நீதிபதி கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார். "நீங்க எல்லாரும் நல்லவங்கன்னு எனக்குத் தெரியுது. அது எனக்கு உதவாது," என்றார். அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை.

வீட்டை மதிப்பிட ஒரு ஆள் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். சுவரில் ஈரம் ஏறியிருக்கிறது, பின்கட்டுத் தரை அரித்திருக்கிறது, லாண்டரித் தொழிலால் சொத்தின் மதிப்பு குறைந்துகொண்டே போகிறது என்று எழுதிக் கொடுத்திருந்தார். அது பொய் இல்லை. இருபது வருடம் வியர்வை சிந்தி அவர்கள் அந்த வீட்டைக் கெடுத்திருந்தார்கள்.

உத்தரவு இப்படி வந்தது. காப்பாளர் வெளிநாட்டில் இருப்பதால் வீட்டை இங்கே நிர்வகிக்க ஆள் இல்லை. விற்றுப் பணத்தை மைனர் பெயரில் வைப்பில் போட வேண்டும். அவளுக்குப் பதினெட்டு ஆகும்வரை யாரும் அதைத் தொடக்கூடாது. இருப்பவர்கள் காலி செய்து கொடுக்க வேண்டும்.

வெளியே டீக்கடையில் நின்றார்கள். மழை தூறியது.

"நான் இங்கயே வந்துட்டா சார்?" என்றாள் தம்பி மனைவி, வக்கீலிடம். அக்கா வேண்டாம் என்று சொன்ன பிறகும் கேட்டாள்.

"வந்தாலும் இந்தத் தெருவுல என்ன வாடகையோ அதை உங்க அண்ணிகிட்ட வாங்கிக் குழந்தை கணக்குல கட்டணும். விரிப்புத் தோச்சு அது வருமா? அப்பீல் போகலாம். போனா இன்னும் நாலு வருஷம் இழுக்கும். கடைசியில இதையேதான் சொல்லுவாங்க. நான் பொய் சொல்லி உங்களை அலையவிட மாட்டேன்."

"எதிர்க்கட்சியைப் பாத்தீங்களா?" என்றார் இஸ்திரி. சுண்டு பிஸ்கட்டை டீயில் நனைத்து, அது உடைந்து உள்ளே விழுந்துவிட, விரலை விட்டுத் தேடிக்கொண்டிருந்தாள். "பால் பல்லு இன்னும் முழுசா விழல. நம்ம எல்லாரையும் தூக்கி அடிச்சிருச்சு."

அப்போது சின்ன வக்கீல் குடையில்லாமல் ஓடி வந்தான். நேராகச் சுண்டுவிடம் குனிந்தான். முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

"பாப்பா, உன் சொத்து எங்கயும் போகல. அண்ணன் காப்பாத்திட்டேன்."

சுண்டு அக்காவின் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். அவன் கொஞ்சம் திகைத்து நின்றான். அக்கா டீக்கடைக்காரரிடம் திரும்பினாள்.

"தம்பிக்கும் ஒரு டீ குடுங்க. நனைஞ்சு வந்திருக்கு."

*

இஸ்திரி சட்டைப் பையில் ஒரு சோப்புத் துண்டைப் போட்டுக்கொண்டு ஊரைச் சுற்ற ஆரம்பித்தார். வாடகைக்கு இடம் இருக்கிறது என்று கேள்விப்பட்ட எல்லா இடத்துக்கும் போனார். அறையைப் பார்க்க மாட்டார். கூரையைப் பார்க்க மாட்டார். நேரே குழாயடிக்கோ கிணற்றடிக்கோ போய், கையை நனைத்து சோப்பைத் தேய்ப்பார். வீட்டுக்காரர்கள் இவரை ஒரு மாதிரி பார்ப்பார்கள். "கை கழுவத்தான் இவ்வளவு தூரம் வந்தீங்களா?" என்று ஒருத்தி கேட்டாளாம்.

எங்கேயும் நுரைக்கவில்லை. பால் திரிந்த மாதிரி ஒரு அழுக்கு கையில் ஒட்டிக்கொண்டது. சாயங்காலம் திரும்பி வந்து அந்தக் கையை அக்காவிடம் காட்டுவார். அவள் கிணற்றுத் தண்ணீரை மொண்டு ஊற்றுவாள். அவர் கை கழுவுவார். பளிச்சென்று நுரை பொங்கும்.

மழை விடவில்லை. பெரிய லாட்ஜ்காரர் ஆள் அனுப்பினார். ஊருக்கு வெளியே புதிதாக வந்த ஃபேக்டரி லாண்டரிக்குத் துணியை மாற்றிக்கொள்கிறாராம், அவர்கள் வண்டி வைத்து வந்து எடுத்துப் போகிறார்களாம். "நீங்க காலி பண்றீங்கன்னு கேள்விப்பட்டோம்" என்று ஆள் இழுத்தான். சின்ன லாட்ஜ்காரர் ஆள்கூட அனுப்பவில்லை. துணி வருவது நின்றது, அவ்வளவுதான்.

அக்கா ஒருநாள் அந்த ஃபேக்டரி லாண்டரிக்கே போய் வேலை கேட்டுவிட்டு வந்தாள்.

"என்ன சொன்னாங்க?" என்றார் இஸ்திரி.

"எனக்குத் தரம் பிரிக்கற இடத்துல. ரத்தக்கறை தனி, எண்ணெய்க்கறை தனி. நின்னுக்கிட்டே பாக்கணும்."

"எனக்கு?"

"உங்களுக்கு இல்ல. அங்க ரோலர்ல விட்டா தானா இஸ்திரியாகி வெளிய வருது. மடிச்சும் வருது."

"அப்ப என்னை இனிமே எப்படிக் கூப்பிடுவாங்க?" என்றார் இஸ்திரி. அவர் தமாஷ் செய்கிறார் என்று நினைத்து சுண்டு சிரித்தாள். அவரும் சேர்ந்து சிரித்தார், தாமதமாக.

வீடு விலைபோனது. வாங்கியவர்கள் ஒரே ஒரு தடவை வந்தார்கள். பின்கட்டில் நின்று கிணற்றை எட்டிப் பார்த்தார்கள். இதை மூட எத்தனை லோடு மண் வேண்டும் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அக்கா அவர்களுக்கும் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். ஒருவர் குடித்துவிட்டு, "நல்லா இருக்கே தண்ணி," என்றார்.

*

காலி செய்கிற அன்று வெயில் அடித்தது. அப்படி ஒரு வெயில் அந்த மழைக்காலம் முழுக்க வரவில்லை. மாடித் தரையிலிருந்து ஆவி கிளம்பியது. காய வைக்க ஒரு துணியும் இல்லை.

டிரம் மெஷினின் போல்ட்டுகள் துருவேறி ஒட்டிக்கொண்டிருந்தன. வெல்டிங்காரரை வரவழைத்து வெட்டினார்கள். பழைய இரும்புக்காரர் அதைத் தள்ளுவண்டியில் ஏற்றும்போது ஒரு பக்கம் சாய்ந்து, உள்ளே தங்கியிருந்த தண்ணீர் வாசலில் கொட்டியது. இஸ்திரி மேஜை, அக்காவும் அவரும் வாடகைக்குப் பிடித்திருந்த அறையின் வாசலுக்குள் நுழையாது என்று முன்பே அளந்து பார்த்திருந்தார்கள். அதன் காலை அறுக்கலாம் என்றார் வெல்டிங்காரர். வேண்டாம் என்றார் இஸ்திரி. பிறகு, சரி அறுங்க என்றார். பிறகு, வேண்டாம் விடுங்க, யாராவது எடுத்துக்கட்டும் என்றார்.

தம்பி மனைவிக்கு மறுநாள் விமானம். அவள் சாமான்களை வேனில் ஏற்றுவதும், ஏற்றியதை இறக்கி மறுபடி ஏற்றுவதுமாக இருந்தாள். நிற்க அவளால் முடியவில்லை.

"அண்ணி, சுண்டு பெரியவளானதும்..."

"அதையெல்லாம் இப்ப பேசாத."

"அவகிட்ட நான் சொல்லித்தான் வளப்பேன்."

"சொல்லாத," என்றாள் அக்கா. "சொல்லிச் சொல்லி வளத்தா, அத்தை வீட்டைப் பிடுங்கிக்கிட்டோம்னுதான் அது மனசுல நிக்கும். அது என்ன பண்ணுச்சு பாவம்? படிக்கட்டும்."

"நீங்க என்னைத் திட்டவாவது செய்யலாம்."

"திட்டறேன். லைட் பில்லு ரசீது எங்க வச்சே? காலைலேருந்து தேடறேன்."

கோர்ட் ஆள் வந்து சேர்ந்தார். கையில் ஒரு அட்டை, அதில் தாள்கள். அறை அறையாக நடந்து பார்த்தார். கட்டில் இருந்த இடத்தில் சுவர் மட்டும் வேறு நிறத்தில் இருந்தது. கிணற்றின் மேல் தகரத்தைப் போட்டு மூடிவிட்டு முன்வாசலுக்கு வந்தார்.

"எல்லாரும் வெளிய வந்துட்டீங்களா? யார் கார்டியன்?"

தம்பி மனைவி கையைத் தூக்கினாள், பள்ளிக்கூடத்தில் தூக்குவதுபோல.

"நீங்க பூட்டி, சாவியை எங்கிட்ட குடுக்கணும். அதான் முறை."

அக்கா கடைசியாக வெளியே வந்தாள். படியிறங்கி வேனுக்குப் போய், திரும்பிப் பார்க்காமல் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். சுண்டு ஏற்கெனவே அங்கே இருந்தாள்.

தம்பி மனைவி கதவை இழுத்தாள். மழையில் ஊறி மரம் உப்பியிருந்தது. முக்கால்வாசி வந்து நின்றுவிட்டது. இன்னும் பலமாக இழுத்தாள். சாவியைப் போட்டாள். திரும்பவில்லை. கோர்ட் ஆள் அட்டையைத் தரையில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார்.

"கதவே சரியில்லையே," என்றார்.

"அதையும் எழுதிக்கோங்க," என்றார் இஸ்திரி. "அதுவும் நாங்க கெடுத்ததுதான்."

"விளையாடாதீங்க. இதைச் சரியாப் பூட்டாம நான் சாவியை வாங்க முடியாது. உள்ள ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா அம்மாதான் கோர்ட்டுக்குப் பதில் சொல்லணும்." தம்பி மனைவியைக் காட்டினார்.

அவள் மறுபடி இழுத்தாள். அழுதுகொண்டே இழுத்தாள். கைப்பிடி கையோடு வந்துவிடும்போல ஆடியது.

வேனின் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. அக்கா படியேறி வந்தாள்.

"தள்ளு," என்றாள்.

"நீங்க வேண்டாம் அண்ணி. நீங்க எதுக்கு? நான் எப்படியாவது..."

"எப்படியாவது பூட்டினா நாளைக்கே தானா திறந்துக்கும். அப்புறம் உன்னைத்தான் கேப்பாங்க. நீ விமானத்துல இருப்பே. தள்ளும்மா."

தம்பி மனைவி நகர்ந்தாள். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு, வலது காலைக் கதவின் அடியில் கொடுத்துக் கொஞ்சம் தூக்கினாள். இடுப்பை ஒருக்களித்துக் கைப்பிடியைத் தன் பக்கமாக ஒரு இழுப்பு இழுத்தாள். கதவு முனகிக்கொண்டே நிலைக்குள் போய் உட்கார்ந்தது. காலை எடுக்காமல் சாவியை ஒரு தடவை திருப்பினாள், இன்னொரு தடவையும் திருப்பினாள். பிறகு கைப்பிடியைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள்.

பூட்டியிருந்தது.